முட்டிக்கு மேலே, தோளுக்குக் கீழே: கார் ஷெட்டில் பட்டறை, உடம்பெல்லாம் வலி

போர்ட்டிகோ பட்டறை (கோயம்புத்தூர்)
ஆகஸ்ட் 18, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பம்ப் கம்பெனி ஒன்றில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது, வயது 63. போன தையில் காரை விற்றுவிட்டோம். "இனிமேல் ஷெட் உங்களுக்குத்தான்பா" என்று பையன் சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 16-க்கு 10 அடி, முன்னால் ஷட்டர், மேலே சிமெண்ட் ஷீட், ஒரே ஒரு டியூப் லைட். படிக்கட்டுக்கு அடியிலும் மொட்டை மாடியிலும் கட்டிலுக்குக் கீழேயும் சிதறிக் கிடந்த சாமான்கள் ஒருவழியாக ஒரே கூரைக்குள் வந்தன.

உடம்புதான் கூட வரமாட்டேன் என்கிறது. இடது முட்டி தேய்மானம். குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே பழைய வலி ஒன்று மழைக்காலத்து விருந்தாளி மாதிரி வந்து வந்து போகும். வலது கை காதுக்கு மேல் போகாது. சட்டை போடுவதே ஒரு வேலை.

போன ஞாயிறு, ஒரே நாளில் அடுக்கி முடித்துவிடலாம் என்று இறங்கினேன். ஆங்கிள் ரேக்கைத் தரையிலிருந்து கூரை வரை நிறுத்தினேன். கனமானது கீழே, லேசானது மேலே. கம்பெனி ஸ்டோரில் அப்படித்தான் பார்த்துப் பழக்கம். மதியம் மூன்று மணிக்கு, கீழ்த்தட்டில் வைத்திருந்த 5 அங்குல வைஸை (அரம் போடும்போது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சாமான்) குனிந்து கையை நீட்டி இழுத்தேன். 13 கிலோ இருக்கும். இடுப்பில் சுருக்கென்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டம்மாவும் பக்கத்து வீட்டுத் தம்பியும் வந்து தூக்கினார்கள். நான்கு நாள் படுக்கை. "பழைய இரும்புக் கடைக்காரனுக்கு ஃபோன் போடட்டுமா?" என்று தினமும் காலையில் காப்பியோடு ஒரு கேள்வி.

வலியோடு வேலை செய்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். சாமான்களை எப்படி அடுக்கியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசி நட்டு (சேலம்)
ஆகஸ்ட் 18, இரவு 10.05

நீங்கள் வேண்டாம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், மன்னிக்கவும். நானும் டர்னர், லேத்தில் 30 வருடம். எனக்கும் முதுகு போய்விட்டது. போன வருடம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். வீட்டில் ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறேன், 300 ரூபாய். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு இது பரவாயில்லை. 63 வயதில் 13 கிலோ வைஸ் எதற்கு சார்?

பிசியோ திருச்சி
ஆகஸ்ட் 19, காலை 7.20

அய்யா, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வலி காலுக்கு இறங்குகிறதா? பாதம் மரத்துப்போவது, நடக்கும்போது பாதம் தொங்குவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் போவதில் சிரமம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

உங்கள் வைஸ் கதையில் கணக்கு ஒன்று இருக்கிறது. நீங்கள் பம்ப் கம்பெனி ஆள், நெம்புகோல் உங்களுக்குத் தெரியும். முதுகெலும்பு தாங்குபுள்ளி. அதிலிருந்து முதுகுத் தசை ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்த வைஸ் 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. பத்துக்கு ஒன்று. 13 கிலோவைச் சமாளிக்கத் தசை 130 கிலோ இழுக்க வேண்டும். குனிந்திருந்தால் உங்கள் மேல்உடம்பின் எடையும் அதோடு சேரும். அதே வைஸை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். தரைமட்டத் தட்டில், ரேக்குக்கு உள்ளே தள்ளி வைத்த சாமானை வயிற்றோடு அணைத்து எடுக்க யாராலும் முடியாது. ஆகவே தப்பு உங்கள் முதுகில் இல்லை, அந்தத் தட்டில்.

கையால் தொடும் சாமான் எதுவும் முட்டிக்குக் கீழேயும் இருக்கக்கூடாது, தோளுக்கு மேலேயும் இருக்கக்கூடாது. கனமானதை இடுப்பு உயரத்தில் வையுங்கள். தினமும் எடுப்பது மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில். உங்கள் மூன்று வலிக்கும் மருந்து இந்த ஒரு கோட்டுக்குள்தான். குத்தவைக்காவிட்டால் முட்டி தப்பிக்கும், குனியாவிட்டால் இடுப்பு தப்பிக்கும், எட்டாவிட்டால் தோள் தப்பிக்கும்.

இன்னொரு கேள்வி. சர்க்கரை உண்டா? தோள் இப்படி இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதனால்தான் கேட்கிறேன்.

போர்ட்டிகோ பட்டறை
ஆகஸ்ட் 19, காலை 11.40

சர்க்கரை 11 வருடமாக உண்டு டாக்டர். மாத்திரைதான், ஊசி இல்லை. காலுக்கு வலி இறங்கவில்லை. பாதம் இரண்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், ஆனால் அது பல வருடமாக உள்ளதுதான்.

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் டேப் எடுத்து அளந்தேன். ஷட்டர் பக்கத்தை விட்டால் மூன்று சுவர், 42 அடி ஓட்டம். வீட்டுக்குள் போகும் கதவு 3 அடி போனால் 39. தரையிலிருந்து சுவர் உயரம் 9 அடி. என் முட்டியிலிருந்து தோள் வரை 3 அடிதான் வருகிறது. அப்படியென்றால் சுவரில் மூன்றில் ஒரு பங்குதான் எனக்குச் சொந்தம். மீதியை என்ன செய்வது, காலண்டர் மாட்டவா?

கடைசி நட்டு சார், நீங்கள் எடைக்குப் போட்டதில் லேத்தும் உண்டா?

கடைசி நட்டு
ஆகஸ்ட் 19, மதியம் 1.15

லேத் கம்பெனியுடையது. நான் போட்டது மைக்ரோமீட்டர், வெர்னியர் என்று அளவு பார்க்கும் கருவிகள், டூல் பிட் பெட்டி. வெர்னியரை மட்டும் அன்று சாயங்காலமே போய்த் திருப்பி வாங்கிவந்தேன். அதை எதற்குக் கேட்கிறீர்கள்.

அயனிப் பலகை (நாகர்கோவில்)
ஆகஸ்ட் 19, இரவு 8.30

பரம்பரைத் தச்சன் எழுதுகிறேன். வயது 58.

எங்களுக்குப் பட்டறை என்றால் தரைதான். அப்பா மேசை வைத்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. சம்மணம் போட்டு உட்காருவார், இடது கால் கட்டைவிரலும் பாதமும்தான் அவருக்கு வைஸ். பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு உளி பிடிப்பார். அவரைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தில் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அரம், எல்லாம் வட்டமாகக் கிடக்கும். எழுந்திருக்காமல் எல்லாம் கைக்கு வரும். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ஒழுங்குதான். முட்டி இருக்கிற வரைக்கும் அதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது.

எனக்கு 52 வயதில் முட்டி இரண்டும் போயிற்று. மேசைக்கு மாறினேன், கை ஒத்துவரவில்லை. நின்றுகொண்டு உளி பிடித்தால் கண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மாறிப்போகிறது. ஆறு மாதம் கெட்ட வேலை செய்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டுமே. ஒரு நிலைக்கட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அவமானம் முட்டி வலியைவிடப் பெரிது.

பிறகு வீட்டுத் திண்ணையில்தான் வழி கிடைத்தது. திண்ணை ஒன்றரை அடி. மரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நான் எதிரே ஒரு முக்காலியில், முக்காலி கொஞ்சம் உயரம். கால் தொங்காது, மடங்காது. செருப்புக் காலால் மரத்தை மிதித்துப் பிடிக்கலாம். கை, கண், மரம் மூன்றும் பழைய தூரத்துக்கு வந்துவிட்டன. அதே அளவில் மரத்திலேயே ஒரு மேடை செய்து ஷெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். 6 அடிக்கு 2 அடி, அயனி மரம். கனம் பிடித்தது, நகராது. உளி வேலை, அறுப்பு எல்லாம் அதில்தான். இழைப்புக்கு மட்டும் எழுந்து நிற்பேன். அதற்கு மேசை என் மணிக்கட்டு உயரம். உயரம் கூடினால் உடம்பின் பாரத்தைக் கொடுக்க முடியாது, தோளை வைத்துத் தள்ள வேண்டிவரும்.

உங்களுடையது இரும்பு வேலை, அளவு வேறாக இருக்கும். ஆனால் ஒரே மேசையில் எல்லா வேலையும் செய்ய நினைக்காதீர்கள்.

போர்ட்டிகோ பட்டறை
ஆகஸ்ட் 20, காலை 6.50

அண்ணாச்சி, ராத்திரி உங்கள் பதிவை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நிலைக்கட்டை வந்த இடத்தில் "பாவம்" என்றாள்.

எங்களுக்கு ஐ.டி.ஐ.யில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது, வைஸின் தாடை மேல்விளிம்பு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கையை மடக்கி முஷ்டியைத் தாடையில் வைத்துப் பார்ப்போம். அதை மறந்துவிட்டு வீட்டில் பழைய சாப்பாட்டு மேசையில் வைஸைப் பூட்டி வைத்திருந்தேன். மேசை 30 அங்குலம், வைஸ் 7 அங்குலம், மொத்தம் 37. என் முழங்கை 41. நாலு அங்குலம் குனிந்தே இத்தனை வருடம் அரம் போட்டிருக்கிறேன். கம்பெனியில் வலி இல்லை, வீட்டில் ஏன் வலி என்று இப்போதுதான் புரிகிறது.

ஸ்கார்பரோ கராஜ் (டொரொன்டோ)
ஆகஸ்ட் 20, காலை 8.02

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை, இங்கே 29 வருடமாகத் தொழிற்சாலை. எனக்கும் நாரிப்பிடிப்பு. நீங்கள் இடுப்பு என்கிறதைத்தான் நாங்கள் நாரி என்போம். அதோடு கைவிரல் மூட்டுகளில் நோவு.

இங்கே பிரச்சினையே குளிர்தான். தை மாதம் கராஜுக்குள் மைனஸ் 10, 15 என்று நிற்கும். இரும்பு ஸ்பேனரைத் தொட்டால் விரல் மடங்காது. முதல் இரண்டு வருடம் கராஜ் முழுவதையும் சூடாக்கப் பார்த்தேன், மின்சாரக் கட்டணம்தான் சூடானது. இப்போது வேறு மாதிரி. அடிக்கடி எடுக்கிற இருபது, இருபத்தைந்து சாமானை மட்டும் ஒரு கைப்பிடி வைத்த பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது பெட்டியும் என்னோடு வரும், வேலை முடிய வீட்டுக்குத் திரும்பும். சூடான ஸ்பேனர் விரலுக்கு ஒத்தடம் மாதிரி. அந்தப் பெட்டியை நிறைக்கும்போதுதான் தெரிந்தது, மற்ற நானூறு சாமானையும் நான் வருடத்தில் நாலு தரம் கூடத் தொடுவதில்லை.

நீங்கள் சுவரில் மூன்றில் ஒரு பங்கு என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு ஒரு பெட்டி.

இன்னொன்று. பனிக்காலத்தில் கார் தெரு உப்பையும் பனியையும் அள்ளிக்கொண்டு கராஜுக்குள் வரும். அது உருகித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். தரையில் வைத்த எதுவும் பங்குனிக்குள் துருப்பிடிக்கும். நாரிக்காக எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கினேன், துருவுக்கும் அதுவே மருந்தாகிவிட்டது.

பாபின் கேஸ் (மதுரை)
ஆகஸ்ட் 21, மாலை 5.45

ஆண்கள் எல்லோரும் முட்டி, முதுகு என்று பேசுகிறீர்கள். என் கதை விரல். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறேன், வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வயது 51. முடக்குவாதம் வந்து ஏழு வருடம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, டூத் பேஸ்ட் மூடி திறக்காது. அதனால் பத்து மணிக்கு முன்னால் எந்த வேலையும் ஒத்துக்கொள்வதில்லை.

சாமான் எங்கே இருக்கிறது என்று பேசுகிறீர்கள், அதைப் பிடிப்பது எப்படி என்று ஒருவரும் பேசவில்லை. சின்னத் திருப்புளியின் மெல்லிய கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் விரல் மூட்டைக் கொல்லும். பழைய சைக்கிள் டியூபை ஓர் அங்குலப் பட்டையாக வெட்டிக் கைப்பிடியில் இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். கை நிறையப் பிடிக்கிற மாதிரி ஆகும், வழுக்காது, பாதி பலம் போதும். சைக்கிள் கடைக்காரர் டியூபைச் சும்மாவே கொடுப்பார். நான் ரிங் ஸ்பேனருக்குக்கூடச் சுற்றியிருக்கிறேன்.

டப்பா மூடி திருகுவது எனக்கு ஆகாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஒன்று கை நழுவி உடைந்து, கண்ணாடித் தூளோடு ஸ்க்ரூவைப் பொறுக்கிய அன்றே அதை விட்டேன். இப்போது அஞ்சறைப் பெட்டி. மாமியார் காலத்துப் பித்தளை ஒன்று, எவர்சில்வர் இரண்டு. மூடியைத் தூக்கினால் போதும், ஏழு கிண்ணமும் கண்ணுக்குத் தெரியும். கடுகு இருந்த இடத்தில் பாபின் கேஸ் ஸ்க்ரூ, மிளகு இருந்த இடத்தில் ஊசி பிடிக்கும் ஸ்க்ரூ. முதல் ஒரு மாதம் மெஷினெல்லாம் சீரக வாசனை அடிக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார்.

மெஷின் தலை 11 கிலோ வரும். நான் தூக்குவதே இல்லை. ஆட்டோவில் கொண்டுவருகிறவரே மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்கத்தான் எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

பிசியோ திருச்சி
ஆகஸ்ட் 21, இரவு 9.30

அம்மா எழுதியதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பிடியைப் பெரிதாக்குவது நாங்கள் மூட்டுவாதக்காரர்களுக்குச் சொல்லும் முதல் விஷயம்.

போர்ட்டிகோ அய்யாவுக்கு இரண்டு சொல்கிறேன். வலி மாத்திரை போட்ட தைரியத்தில் வேலையை நீட்டாதீர்கள். உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையைத்தான் அது அணைக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அந்த மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு. நரம்பு வலிக்கென்று பிரிகாபலின் மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் தூக்கம் தள்ளும், அந்த நேரத்தில் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மரத்த பாதம். பட்டறைக்குள் காலில் என்ன போடுகிறீர்கள்?

போர்ட்டிகோ பட்டறை
ஆகஸ்ட் 22, காலை 7.05

வெறுங்கால்தான் டாக்டர். செருப்பை ஷட்டருக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். சாமான் இருக்கிற இடத்தில் செருப்புக் கால் வைக்கமாட்டோம். தெரியாமல் ஸ்பேனர் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

பிசியோ திருச்சி
ஆகஸ்ட் 22, காலை 7.31

அய்யா, டிரில் போட்ட இரும்புச் சுருள் கிடக்கிற தரையில் மரத்த பாதத்தோடு வெறுங்காலில் நடக்கிறீர்கள். குத்தினால் உங்களுக்குத் தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும். முதுகுக்கு நான்கு நாள் படுத்தீர்கள், சர்க்கரைப் புண்ணுக்கு நாலு நாள் கணக்கெல்லாம் கிடையாது. கால் விரலை எடுத்துவிட்டு எங்களிடம் நடக்கப் பழக வருகிறவர்களை வாரம் வாரம் பார்க்கிறேன்.

கடைசி நட்டு
ஆகஸ்ட் 22, காலை 10.10

இதில் டாக்டர் கட்சி நான். கம்பெனியில் சேஃப்டி ஷூ போட்டுத்தானே 34 வருடம் வேலை பார்த்தீர்கள்? அங்கே இருந்தது சாமான் இல்லையா?

அப்புறம், ஒரு டியூப் லைட் என்று எழுதியிருந்தீர்கள். பழைய சோக் வைத்த டியூபா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். சுற்றுகிற டிரில் சக்கோ கிரைண்டர் கல்லோ அதோடு ஒத்துப்போனால் நிற்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரியும். லேத் ஷாப்பில் இதில் கையை விட்ட ஆளைப் பார்த்திருக்கிறேன். மாற்றிவிடுங்கள். நல்ல எல்.இ.டி. இரண்டு, மேசைக்கு நேர் மேலே. 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சம் போதாமல்தான் பாதி நேரம் குனிகிறோம். முதுகு வலிக்கு நான் தைலம் வாங்கிய காசுக்கு நாலு லைட் வாங்கியிருக்கலாம்.

(எடைக்குப் போடச் சொன்னவன் இவ்வளவு பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். வெர்னியர் மேசை மேலேதான் இருக்கிறது.)

போர்ட்டிகோ பட்டறை
செப்டம்பர் 15, இரவு 8.40

நான்கு வாரம் கழித்து வருகிறேன். ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு நாளைக்கு 40 நிமிடம், ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி முடிந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன். நடந்ததை எழுதுகிறேன், சொதப்பியதையும் சேர்த்து.

சுவரில் தரையிலிருந்து 20 அங்குலத்தில் ஒரு கோடு, 54 அங்குலத்தில் ஒரு கோடு, நீலச் சாக்பீஸில் இழுத்தேன். ஷெட்டைச் சுற்றி இரண்டு தண்டவாளம் மாதிரி இருந்தது. நடுவில் மட்டும் 19 எம்.எம். பிளைவுட். முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல் வரும். கடையிலேயே 4-க்கு 2 அடித் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார்கள், ஒரு துண்டு 9 கிலோகூட இல்லை. சுவரில் ஏற்றியது பக்கத்து வீட்டுத் தம்பி. பாபின் கேஸ் அம்மா சொன்னபடி வாயைத் திறந்து கேட்டேன், வந்தான்.

பலகையில் ஆணி அடித்து ஸ்பேனர்களை அளவு வரிசையில் மாட்டினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்துவிட்டேன், கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஜப்பான் முறை கொண்டுவந்தபோது செய்த மாதிரியே. அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது எதையும் தேடிக் குனிவதில்லை. ஆள் இல்லாத நிழல் தெரிந்தால் சாமான் மேசையில் இருக்கிறது என்று அர்த்தம்.

சொதப்பல்: மேசைக்கு நாலு காலிலும் காஸ்டர் வீல் வைத்தேன், உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. லாக் போட்டும் அரம் போடும்போது மேசை நடனம் ஆடியது. அதைப் பிடித்து நிறுத்தப் போய்த் தோள் பிடித்துக்கொண்டது. கழற்றிவிட்டேன். வீல் இப்போது டிரில்லிங் மெஷின் ஸ்டாண்டுக்கும் குப்பை டிரம்முக்கும். வைஸ் மேசை அசையக்கூடாது, 34 அங்குலத்தில் ஆங்கிள் வெல்டு செய்து நிறுத்தியாகிவிட்டது. 34-ம் 7-ம் 41, முழங்கைக்குச் சரி. சின்ன வேலைக்கு வேறொரு இடம், அங்கே உயரமான ஸ்டூலில் பாதி உட்கார்ந்து, ஒரு காலைச் செங்கல் மேல் வைத்துக்கொள்கிறேன். பழைய பேருந்து நிலைய டீக்கடையில் நிற்கிற மாதிரி. கால் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு பேசுவதில்லை.

ஆனால் தரையில் இன்னும் ஒரு மலை கிடக்கிறது. மோட்டார் பாடி, பம்புக்குள் சுற்றும் பழைய இம்பெல்லர், நட்டு போல்ட் மூன்று சாக்கு, 20 கிலோ இரும்புக் கட்டை. கோட்டுக்குள் இடமில்லை.

ஸ்கார்பரோ கராஜ்
செப்டம்பர் 15, இரவு 11.20

அண்ணை, அந்த மலையை நீங்கள் கடைசியாகத் தொட்டது எப்போது?

அயனிப் பலகை
செப்டம்பர் 16, காலை 6.15

ஆயுத பூஜை வருகிறதே. அன்றைக்கு எதையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறீர்களோ அதுதான் உங்கள் ஆயுதம். சாக்கிலிருந்தே வெளியே வராதது வேறு யாருடையதோ.

போர்ட்டிகோ பட்டறை
அக்டோபர் 12, இரவு 9.50

நேற்று பூஜை. முன்னெல்லாம் தரையில் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பி, மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பேன். இந்த வருடம் மேசையில் வைத்து நின்றபடியே செய்தேன். பேத்தி சந்தனம் வைத்தாள், நான் குங்குமம். மொத்தம் 86 உருப்படி. எண்ணியது அவள்தான்.

சாக்கைப் பிரிக்கக் கை போனது. அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு பழைய ஜூனியர் இன்று காலையில் வண்டியோடு வந்து மலையை அள்ளிக்கொண்டு போனான். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். ஓர் இம்பெல்லரை மட்டும் இறக்கிக்கொண்டேன். நான் முதன்முதலாகத் தனியாகப் பூட்டிய பம்பினுடையது. அது இப்போது 54 அங்குலக் கோட்டுக்கு மேலே, காலண்டர் பக்கத்தில். தொடப்போவதில்லை, அதனால் விதி மீறல் இல்லை.

பிசியோ திருச்சி
அக்டோபர் 13, காலை 7.15

மகிழ்ச்சி அய்யா. 86 சாமான் சரி. காலில்?

போர்ட்டிகோ பட்டறை
அக்டோபர் 13, காலை 8.30

கேட்பீர்கள் என்று தெரியும். தடித்த சோல் வைத்த ஷூ ஒன்று வாங்கி, பூஜையிலேயே சாமானோடு சேர்த்து வைத்துப் பொட்டு வைத்துவிட்டோம். யோசனை வீட்டம்மாவுடையது. "அதுவும் ஆயுதம்தானே" என்றாள். வெளியே போட்டுப் போகமாட்டேன், ஷெட்டுக்குள் மட்டும். இப்போது 87 உருப்படி.

இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு முதல் தடவை அரம் எடுத்தேன். ஏதோ ஒன்று உதைத்தது, கை பழைய மாதிரி கீழே போகிறது. அளந்து பார்த்தேன். சோல் முக்கால் அங்குலம். வெறுங்காலில் எடுத்த 41 இப்போது 41-ஏமுக்கால். ஆங்கிள் வெல்டு செய்த மேசை, இனி எங்கே உயர்த்துவது என்று ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். மூலையில் 19 எம்.எம். பிளைவுட் துண்டு நாலு கிடந்தது. 19 எம்.எம். என்றால் முக்கால் அங்குலம்தானே. தம்பி சாயங்காலம் வந்து மேசையைத் தூக்கிப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான், நாலு காலுக்கும் அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட வேண்டியதுதான். குனிந்து தள்ளப்போவது பேத்தி.